கழிவுநீர்க் கலனுக்குள் மின்சாரம்: எலக்ட்ரானைக் கொடுப்பது யார்?

கழிவுநீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கிறார்கள், நுண்ணுயிர்களுக்கு கரன்ட் கொடுத்து எரிவாயுவைப் பெருக்குகிறார்கள் என்ற செய்திகளைப் படிக்கும்போது இரண்டு சந்தேகங்கள் வரும். கரன்ட் பாய்ந்தால் கிருமிகள் செத்துவிடாதா? மின்சாரத்தைச் செலவழித்து எரிவாயு எடுத்து, அதை எரித்து மறுபடியும் மின்சாரம் எடுப்பதில் என்ன ஆதாயம்? இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தான்.

வட சென்னைக்கு இது தள்ளி நின்று பார்க்கும் விஷயமல்ல. நகரத்தின் கழிவுநீரில் கணிசமான பங்கு கொடுங்கையூருக்கு வருகிறது. அங்கே கசடைச் செரிக்கவைத்துக் கிடைக்கும் வாயுவில் மின்சாரம் எடுக்கும் ஏற்பாடும் உண்டு. அதே வளாகத்தில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. வடக்கே அத்திப்பட்டில் நிலக்கரி மின்நிலையம். கழிவு, உப்புநீர், கரியமில வாயு, மின்சாரம் நான்கும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இத்தகைய தொழில்நுட்பத்தை யாராவது கொண்டுவருவதாகச் சொன்னால், அதைச் சரிபார்க்கும் திறன் இங்குள்ளவர்களுக்கு இருக்க வேண்டும்.

சரிபார்க்க முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. கலனில் ஓடும் எலக்ட்ரானைக் கொடுப்பது கழிவா, தண்ணீரா? விடை எதுவோ அதைப் பொறுத்தே செலவும் விளைச்சலும் அமையும்.

எலக்ட்ரானைக் கைமாற்றும் உயிர்கள்

நுண்ணுயிர் உணவைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் பிரிகின்றன. அவற்றை எங்காவது இறக்கிவைத்தால்தான் அதற்கு ஆற்றல் கிடைக்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில் அவற்றை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். காற்றை ஊதும் புளோயர்கள் இரவு பகலாக ஓடுவது அதற்காகத்தான். கசடைச் செரிக்கவைக்கும் காற்றுப் புகாத கலனான டைஜஸ்டரில் ஆக்சிஜன் இல்லை. அதனால் எலக்ட்ரான்கள் பல கை மாறி, கடைசியில் மீத்தேனுக்குள் போய் அடைகின்றன. மீத்தேனை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவு.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. சேற்றடியில் வாழும் சில பாக்டீரியாக்கள் எலக்ட்ரானைத் தம் உடலுக்கு வெளியே இருக்கும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிடம் கொடுத்து மூச்சுவிடுகின்றன. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் போடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து ஜியோபாக்டரும், ஒனைடா ஏரியிலிருந்து ஷெவனெல்லாவும் அடையாளம் காணப்பட்டன. ஆக்சைடு இருந்த இடத்தில் கார்பன் துண்டு ஒன்றை வைத்துக் கம்பி இணைத்தால், அதே எலக்ட்ரான் கம்பி வழியே வெளியே வரும். செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் இரும்பு கொண்ட சைட்டோகுரோம் புரதங்கள்தான் இதைக் கடத்துகின்றன. ஜியோபாக்டரிலிருந்து நீளும் நுண்ணிழைகளில் ஒரு வகை முழுக்கச் சைட்டோகுரோம்களால் கோக்கப்பட்டது என்பது 2019இல் உறுதியானது. நுண்ணுயிர்க் கரைசலிலிருந்து மின்னழுத்தம் கிடைப்பதை 1911இலேயே இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர் அளந்து எழுதிவிட்டார்.

கரன்ட் பட்டுச் சாகுமா என்ற சந்தேகத்துக்கு வருவோம். இந்தக் கலன்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 0.5 முதல் 1 வோல்ட் வரைதான். டார்ச் பாட்டரி ஒன்று 1.5 வோல்ட். இந்த அளவில் மின்சாரம் உயிரைக் கொல்வதில்லை. மின்முனையின் பக்கத்தில் உண்டாகும் துணைப்பொருட்கள்தான் கொல்லும். குளோரின், ஏறிப்போன அல்லது இறங்கிப்போன பி.எச். (அமில–கார அளவு), தப்பித் தவறிப் பிறக்கும் ஆக்சிஜன் ஆகியவை அவை.

ஒரே பெயரில் பேசப்படும் நான்கு அமைப்புகள்

எல்லாவற்றிலும் எலக்ட்ரான் பிடுங்கப்படும் முனை ஆனோடு, கொடுக்கப்படும் முனை கேத்தோடு. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது ஆனோடு பவர் சப்ளையின் நேர்முனையோடும், கேத்தோடு எதிர்முனையோடும் சேரும்.

1. நுண்ணுயிர் எரிபொருள் கலம். ஆனோடில் பாக்டீரியா கழிவைத் தின்னும், கேத்தோடில் காற்றின் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும். மின்சாரம் வெளியே வருகிறது. கொள்கையளவில் 1.1 வோல்ட் கிடைக்க வேண்டும். நல்ல திறனோடு ஓட்டும்போது அரை வோல்ட்டுக்கு மேல் நிற்பது அரிது.

2. நுண்ணுயிர் மின்னாற்பகுப்புக் கலம். ஆனோடு அதேதான். கேத்தோடில் ஆக்சிஜன் கிடையாது. சிறிது மின்சாரம் கொடுத்து அங்கே ஹைட்ரஜன் அல்லது மீத்தேன் எடுக்கிறோம். எலக்ட்ரானைக் கொடுப்பது கழிவு. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழுவும் நெதர்லாந்தின் வாகனிங்கன் குழுவும் 2005 வாக்கில் தனித்தனியாக இதைச் செய்து காட்டின.

3. நுண்ணுயிர் மின்தொகுப்பு. கேத்தோடில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர் எலக்ட்ரானையும் கரியமில வாயுவையும் எடுத்து அசிட்டேட் (வினிகரில் உள்ள அமிலத்தின் உப்பு) போன்ற பொருளைச் செய்கிறது. ஆனோடில் பெரும்பாலும் தண்ணீர் உடைகிறது, அதாவது எலக்ட்ரானைக் கொடுப்பது தண்ணீர். ஸ்போரோமூசா ஓவாட்டா என்ற பாக்டீரியாவை வைத்து 2010இல் இது காட்டப்பட்டது.

4. மின்முனை பொருத்திய டைஜஸ்டர். சாதாரண டைஜஸ்டருக்குள்ளேயே இரண்டு மின்முனைகளை இறக்கி 0.5–1 வோல்ட் கொடுப்பது. ‘எரிவாயு பெருகியது’ என்ற செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகை.

வோல்ட் கணக்கு: எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும்

பி.எச். 7இல், நிலையான ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு, கழிவு சிதையும்போது உண்டாகும் அசிட்டேட்டிலிருந்து வரும் எலக்ட்ரானின் மட்டம் சுமார் −0.28 வோல்ட். ஹைட்ரஜன் உண்டாக −0.41 வேண்டும். மீத்தேனுக்கு −0.24 போதும். தண்ணீர் உடைந்து ஆக்சிஜன் ஆவது +0.82இல்.

இதைத் தெருக்குழாயிலிருந்து நிரம்பிய சம்ப்பாகவும் மாடித் தொட்டியாகவும் நினைத்துக்கொள்ளலாம். பவர் சப்ளை மோட்டார். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, சம்ப்பில் இருப்பதைத்தான் ஏற்றும். கழிவு கொடுக்கும் எலக்ட்ரானை ஹைட்ரஜனாக்க ஏற்ற வேண்டியது 0.13 வோல்ட் மட்டுமே. தண்ணீரிலிருந்து தொடங்கினால் 1.23 வோல்ட். கழிவிலிருந்து மீத்தேனுக்கு, கணக்கின்படி பார்த்தால், ஏற்றவே வேண்டியதில்லை.

ஆனால் நடைமுறையில் 0.6–0.8 வோல்ட் கொடுக்காமல் கரன்ட் சரியாக ஓடாது. மிச்ச வோல்ட் எங்கே போகிறது என்பதில்தான் வடிவமைப்பின் முழுச் சவாலும் இருக்கிறது.

முதல் இழப்பு நீரின் தடை. ஆனோடின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 5 ஆம்பியர், மின்முனைகளுக்கு நடுவே 2 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மின்கடத்துதிறன் செ.மீ.க்கு 1 மில்லிசீமன்ஸ் உள்ள கழிவுநீரில் இதற்கு மட்டும் 1 வோல்ட் கரைந்துபோகும். அதே இடைவெளியில் கடத்துதிறன் 10 மில்லிசீமன்ஸ் என்றால் இழப்பு 0.1 வோல்ட். ஆய்வகத்தில் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசலில்) ஓடும் கலன் உண்மையான கழிவுநீரில் படுத்துவிடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது இழப்பு பி.எச். ஆனோடில் அமிலம் சேரும், கேத்தோடில் காரம் சேரும். இரண்டையும் சவ்வு வைத்துப் பிரித்தால் ஹைட்ரஜன் அயனி கடந்து வந்து சமன் செய்யும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் பி.எச். 7இல் ஹைட்ரஜன் அயனி மிக மிகச் சொற்பம். சோடியமும் பொட்டாசியமும் அதைப்போல் லட்சம் மடங்கு இருக்கின்றன. சவ்வைக் கடப்பவை அவைதான். ஆனோடு 6, கேத்தோடு 12 என்று பி.எச். பிரிந்துவிட்டால், ஒரு பி.எச்.க்கு 0.06 வோல்ட் வீதம் 0.36 வோல்ட் போய்விடும். சவ்வை எடுத்துவிட்டால் இந்த இழப்பு குறையும், பதிலுக்கு வேறு தொல்லை வரும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஆம்பியர் கணக்கு: எவ்வளவு கிடைக்க முடியும்

செய்தி படிப்பவருக்கு மிகவும் பயன்படும் பகுதி இது. கூலம் என்பது மின்னூட்டத்தின் அலகு. ஒரு மோல் எலக்ட்ரான் 96,485 கூலம். ஒரு ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கூலம், அதாவது ஏறக்குறைய 0.9 மோல் எலக்ட்ரான். துளி எலக்ட்ரான்கூட வீணாகாமல், 30 டிகிரி வெப்பத்தில், இந்த 1 ஆம்பியர்–நாள் அதிகபட்சம் தரக்கூடியவை:

– ஹைட்ரஜன் என்றால் சுமார் 11 லிட்டர்
– மீத்தேன் என்றால் சுமார் 2.8 லிட்டர், ஏனென்றால் ஒரு மீத்தேனுக்கு 8 எலக்ட்ரான் வேண்டும்
– அசிட்டிக் அமிலம் என்றால் சுமார் 6.7 கிராம்
– ஆனோடில் தின்னப்படும் கழிவு, சி.ஓ.டி. அளவில், சுமார் 7.2 கிராம்

சி.ஓ.டி. என்பது கழிவை முழுக்க ஆக்சிகரிக்க எத்தனை கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. ஒருவகையில் அது கழிவில் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான். அதனால் இங்கே ஒரு கடினமான வரம்பு பிறக்கிறது. நீக்கப்படும் 1 கிராம் சி.ஓ.டி.யிலிருந்து அதிகபட்சம், 0 டிகிரி வெப்பநிலையில் அளந்தால், 0.35 லிட்டர் மீத்தேன்தான் வர முடியும், 30 டிகிரியில் 0.39 லிட்டர். கழிவே எலக்ட்ரானைக் கொடுக்கும் கலனில் வெளியிலிருந்து எத்தனை வோல்ட் கொடுத்தாலும் இந்த வரம்பு மாறாது. மின்சாரம் வேகத்தைக் கூட்டலாம், செரிக்காமல் போவதைக் கொஞ்சம் கூடுதலாகச் செரிக்கவைக்கலாம், அமிலம் தேங்கி நின்றுபோன டைஜஸ்டரை மீட்கலாம். இல்லாத எலக்ட்ரானைக் கொண்டுவர முடியாது. அந்த வரம்புக்கு மேல் மீத்தேன் வந்ததாக யாராவது சொன்னால், தண்ணீர் உடைகிறது அல்லது அளவீட்டில் தவறு இருக்கிறது.

ஒரு லிட்டர் கலன்: பாகங்களும் ஓட்டும் முறையும்

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதி ஆய்வுகள் கெட்டுப்போவது இங்கேதான்.

தேவையானவை: காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு லிட்டர் கண்ணாடிக் கலன், ஆனோடுக்கு 10 செ.மீ. × 10 செ.மீ. கார்பன் ஃபெல்ட் (கம்பளிபோன்ற கார்பன் விரிப்பு), கேத்தோடுக்கு அதே அளவு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) மெஷ், இணைப்புக்கு டைட்டானியம் கம்பி, 0–3 வோல்ட் நிலையாகத் தரும் டி.சி. பவர் சப்ளை, துல்லியமான 1 ஓம் மின்தடை, மில்லிவோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் அல்லது டேட்டா லாகர், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை, வாயு சேகரிக்கும் பை, காந்தக் கலக்கி.

மெஷ்ஷை பாரிமுனைக் கடைகளில் வாங்கும்போது 316 கிரேடா என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் 2–3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குளோரைடைத் தாங்கும். 304 உப்புள்ள நீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். தண்ணீர் படும் இடத்தில் செம்புக் கம்பி கூடவே கூடாது. செம்பு கரைந்தால் நுண்ணுயிருக்கு விஷம்.

ஓட்டும் வரிசை:

1. கார்பன் ஃபெல்ட் புதிதாக இருக்கும்போது தண்ணீரை உள்ளே விடாது. அசிட்டோனில் அல்லது எத்தனாலில் ஊறவைத்து, நன்றாக அலசி, நனைந்த நிலையிலேயே கலனில் இறக்க வேண்டும். காய்ந்த ஃபெல்ட்டை அப்படியே இறக்கினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், பரப்பில் பாதி வேலை செய்யாது.

2. ஓடிக்கொண்டிருக்கும் டைஜஸ்டரிலிருந்து கசடு எடுத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டி, மூன்றில் ஒரு பங்கு ஊற்றலாம். மீதிக்குக் கழிவுநீரும் லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசிட்டேட்டும். தொடக்கத்தில் பஃபர் சேர்ப்பது நல்லது. நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்ட பிறகு படிப்படியாகக் குறைக்கலாம்.

3. நைட்ரஜன் அல்லது நைட்ரஜன்–கரியமில வாயுக் கலவையை 15–20 நிமிடம் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும்.

4. 0.7 வோல்ட் கொடுங்கள். முதல் சில நாட்கள் கரன்ட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஏறத் தொடங்கும். அவசரப்பட்டு வோல்ட்டைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 1.2 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீர் உடையத் தொடங்கும், ஆனோடில் பிறக்கும் ஆக்சிஜன் அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய உயிர்களை அழிக்கும்.

5. கரன்ட் உச்சத்துக்குப் போய் இறங்கும்போது உணவு தீர்ந்தது என்று பொருள். பாதி நீரை மாற்றி மறுபடி ஊட்டுங்கள். இரண்டு மூன்று சுற்றுகளில் உச்சம் ஒரே அளவில் நின்றால்தான் அளவீட்டைத் தொடங்க வேண்டும்.

மின்தடை ஏன் 1 ஓம்? கரன்ட்டை அளக்க வரிசையில் 10 ஓம் வைக்கும் வழக்கம் சிறு கலன்களிலிருந்து வந்தது. ஒன்றிரண்டு மில்லியாம்பியர் ஓடும்போது அது சரி. மேலே சொன்ன ஃபெல்ட்டின் பரப்பு 0.01 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 ஆம்பியர் வீதம் ஓடினால் கரன்ட் 50 மில்லியாம்பியர். 10 ஓமில் அது 0.5 வோல்ட்டைத் தின்றுவிடும். 0.7 கொடுப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கலனுக்குக் கிடைப்பது 0.2. 1 ஓம் வைத்தால் இழப்பு 0.05 வோல்ட்தான், 50 மில்லிவோல்ட்டை நல்ல மீட்டர் தெளிவாகக் காட்டும்.

இந்த 50 மில்லியாம்பியர் ஒரு நாளில் தரக்கூடிய மீத்தேன் அதிகபட்சம் 140 மி.லி. அதே கலனில் நாளுக்கு 2 கிராம் சி.ஓ.டி. ஊட்டினால், மின்சாரமே இல்லாமல் சாதாரணச் செரிமானத்தில் 700 மி.லி. வரைகூட வரலாம். 300 மி.லி. மட்டுமே தந்துகொண்டிருந்த கலனில் மின்முனை வைத்ததால் 400 மி.லி. கூடியது என்று முடிவு வந்தால், கரன்ட் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அப்படியென்றால் எது காரணம்? பெரும்பாலும் ஃபெல்ட்தான். நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்படாமல் ஒட்டிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. மேலும், மின்கடத்தும் பரப்பு வழியாக ஓர் உயிர் இன்னோர் உயிருக்கு எலக்ட்ரானை நேரடியாகக் கைமாற்றவும் முடிகிறது. அதனால் மூன்று கலன்கள் வேண்டும். ஒன்று ஃபெல்ட், மெஷ், மின்சாரம் எல்லாம் உள்ளது. இரண்டாவது அதே ஃபெல்ட், மெஷ் இருந்தும் மின்சாரம் இல்லாதது. மூன்றாவது மின்முனைகளும் மின்சாரமும் இல்லாதது. இரண்டாவது கலன் இல்லாமல் வெளிவரும் எந்த ‘பெருக்க’ எண்ணையும் நம்புவதற்கில்லை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

என்னென்ன கெடும்

கரன்ட் நிறைய, வாயு இல்லை. சவ்வில்லாத கலனில் அடிக்கடி நடப்பது. கேத்தோடில் பிறக்கும் ஹைட்ரஜன் நீரில் கரைந்து ஆனோடுக்குப் போய், அங்குள்ள உயிர்களுக்கு உணவாகி, மறுபடி எலக்ட்ரானாகிறது. அதே எலக்ட்ரான் சுற்றிச் சுற்றி வருகிறது. நீக்கிய சி.ஓ.டி.யிலிருந்து கணக்கிட்ட கூலத்தைவிட அளந்த கூலம் கூடுதலாக இருந்தால் இதுதான் நடக்கிறது.

ஹைட்ரஜன் எதிர்பார்த்தோம், மீத்தேன் வருகிறது. மீத்தேன் ஆர்க்கியா எந்தக் கசட்டிலும் இருக்கும், ஹைட்ரஜனைக் கண்டால் விடாது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் ஆலைக் கழிவுநீரில் 1,000 லிட்டர் முன்னோடிக் கலனை ஓட்டியபோது (2011இல் வெளியான முடிவு) வாயுவில் பெரும்பங்கு மீத்தேனாகவே இருந்தது. தடுக்க மருந்து போடலாம், ஆனால் கழிவுநீர் நிலையத்தில் அது கட்டுப்படியாகாது. மீத்தேனையே விளைபொருளாக ஏற்றுக்கொண்டு வடிவமைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அழுகிய முட்டை வாடை. நீரில் சல்பேட் இருந்தால் அதைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். 1 கிராம் சல்பேட் 0.67 கிராம் சி.ஓ.டி.யை விழுங்கி ஹைட்ரஜன் சல்பைடாகிறது. மீஞ்சூர்–எண்ணூர் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட். ஆக உப்புநீர் கலந்த கழிவுநீர் ஒரு பக்கம் தடையைக் குறைத்து உதவும், மறு பக்கம் சல்பேட்டால் கெடுக்கும்.

குளோரின். தண்ணீரை உடைக்கும் ஆனோடு உள்ள கலனில், அதாவது மூன்றாவது வகையில், குளோரைடு உள்ள நீரைப் பயன்படுத்தினால் ஆனோடில் குளோரின் வரும். அது உயிரையும் கொல்லும், சவ்வையும் அரிக்கும். கழிவு தின்னும் ஆனோடு மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் நிற்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

முனை மாறிப்போதல். நேர்முனையில் எஸ்.எஸ். மெஷ்ஷை இணைத்துவிட்டால் அது துருவாகக் கரையும், ஃபெல்ட்டில் ஒட்டிய உயிர்களும் போகும். இரண்டு கம்பிகளும் ஒரே நிறத்தில் இருப்பதால் நேரும் சாதாரணத் தவறு. ஆனால் ஒரு மாத உழைப்பை ஒரே இரவில் அழித்துவிடும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை, மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவிலேயே உயிருக்கு ஆபத்து, அந்த அளவில் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். டைஜஸ்டரிலிருந்தோ சாக்கடைக் குழியிலிருந்தோ கசடு எடுக்க ஆளை இறக்கக் கூடாது. மாதிரிக் குழாயில் பிடித்துத் தரச் சொல்லி நிலையப் பணியாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பெரிதாக்கினால் என்ன ஆகும்

நாளொன்றுக்கு பத்து லட்சம் லிட்டர், அதாவது 1 எம்.எல்.டி. கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சி.ஓ.டி. இருந்தால் மொத்தம் 500 கிலோ. அதன் எலக்ட்ரான் முழுவதும் ஆனோடு வழியே போக வேண்டுமென்றால் தொடர்ந்து சுமார் 70,000 ஆம்பியர் ஓட வேண்டும். சதுர மீட்டருக்கு 5 ஆம்பியர் என்றால் 14,000 சதுர மீட்டர் ஆனோடு. கொடுங்கையூரின் அளவு நூற்றுக்கும் மேற்பட்ட எம்.எல்.டி. அத்தனைக்கும் ஃபெல்ட், டைட்டானியம், மின்தண்டுகள் என்று கணக்குப் போட்டால், வீட்டுக் கழிவுநீர் முழுவதையும் மின்முனை வழியே சுத்திகரிப்பது இன்றைய நிலையில் நடக்காது என்பது தெளிவாகும்.

இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே ஹவ்டன் சுத்திகரிப்பு நிலையத்தில் 120 லிட்டர் கலன் உண்மையான வீட்டுக் கழிவுநீரில் ஓட்டப்பட்டது (2013). ஏறக்குறைய தூய ஹைட்ரஜன் கிடைத்தது. கொடுத்த மின் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் ஹைட்ரஜனாகத் திரும்பியது. அதாவது ஆற்றல் ஆதாயம் இல்லை. ஆனாலும் குளிர்நாட்டில், பஃபர் இல்லாத நீரில், மாதக்கணக்கில் கலன் நிற்காமல் ஓடியது பெரிய விஷயம். சென்னையின் 28–35 டிகிரி வெப்பம் இந்த உயிர்களுக்கு இயல்பாகவே ஏற்றது, சூடாக்கும் செலவு கிடையாது.

எந்த மின்சாரம்?

கரியமில வாயுவை மீத்தேனாக்கும் வழியில் 1 கன மீட்டருக்கு சுமார் 9,570 ஆம்பியர்–மணி வேண்டும். தண்ணீர் எலக்ட்ரானைக் கொடுத்து, கலன் 2 வோல்ட்டில் ஓடினால் 19 யூனிட். கிடைக்கும் மீத்தேனின் வெப்பம் சுமார் 10 யூனிட்டுக்குச் சமம், அதை இன்ஜினில் எரித்தால் மின்சாரமாகத் திரும்புவது 4 யூனிட்டுக்குள்தான். கழிவு எலக்ட்ரானைக் கொடுத்து 0.8 வோல்ட்டில் ஓடினால் 7.7 யூனிட் போதும். வெப்பமாகப் பார்த்தால் லாபம், மின்சாரமாகத் திருப்ப நினைத்தால் நஷ்டம்.

நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 19 யூனிட்டுக்கு 13 கிலோவுக்கு மேல். அதைக் கொண்டு செய்யும் 1 கன மீட்டர் மீத்தேனில் அடைபடுவது 2 கிலோ கரியமில வாயு. அத்திப்பட்டு நிலக்கரி மின்சாரத்தில் இந்த வேலையைச் செய்தால் காற்றுக்குக் கேடுதான். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரம், இரவில் மிஞ்சும் காற்றாலை மின்சாரம் இருந்தால் மட்டுமே இதற்குப் பொருள் உண்டு.

அப்படி மிஞ்சும் மின்சாரம் கிடைத்தாலும் மின்முனையில் உயிரை ஒட்டவைக்காமலே செய்ய ஒரு வழி இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் அருகே அவெடோர் சுத்திகரிப்பு நிலையத்தில் 2016இல் ஒரு மெகாவாட் அளவில் இதை ஓட்டினார்கள். தண்ணீரை மின்சாரத்தால் உடைக்கும் சாதாரண எலக்ட்ரோலைசரில் ஹைட்ரஜன் எடுத்து, அதையும் கரியமில வாயுவையும் ஆர்க்கியா நிரம்பிய தனிக் கலனுக்குள் செலுத்தினார்கள். அங்கே தடை ஆம்பியர் அல்ல, ஹைட்ரஜன் நீரில் மிகக் குறைவாகவே கரைவதுதான், அதனால் அழுத்தமும் பலமான கலக்கலும் வேண்டும். பெரிய அளவுக்கு இந்த இரண்டு படி வழியே இன்று உறுதியானது என்பது என் கருத்து.

வட சென்னையில் பொருந்தும் இடங்கள்

முதலாவது, கொடுங்கையூர் டைஜஸ்டர் வாயு. பயோகேஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயுதான். மேலே சொன்ன இரண்டு படி முறையில் அதையும் மீத்தேனாக்கினால், புதிய டைஜஸ்டர் கட்டாமலே மீத்தேன் கூடும்.

இரண்டாவது, கசடைப் பிழியும்போது வடியும் நீர். அளவு குறைவு, அம்மோனியம் அதிகம். சவ்வுள்ள கலனில் கரன்ட் ஓடும்போது அம்மோனியம் அயனி சவ்வைக் கடந்து கேத்தோடு பக்கம் போகிறது. அங்கே பி.எச். ஏறியிருப்பதால் அம்மோனியாவாக மாறி வெளியே எடுக்கத் தோதாகிறது. முன்னே இழப்பாகப் பார்த்த பி.எச். வேறுபாடு இங்கே வேலைக்கு உதவுகிறது. உரமாக்கத் தேவையான நைட்ரஜன் இது. காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பி மின்சாரம் செலவழித்து அழிப்பதைவிட மீட்பது மேல்.

மூன்றாவது, காசிமேடு மீன் கழிவுபோல் செறிவான கழிவுகள். சிறு கலன் போதும் என்பது வசதி. புரதம் அதிகம் என்பதால் அம்மோனியா ஏறி ஆர்க்கியாவை முடக்கும், தனியாக ஊட்டக் கூடாது, காய்கறிக் கழிவோடு கலந்து ஊட்ட வேண்டும்.

நான்காவது இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டிய யோசனை. ஆர்.ஓ. நிலையத்தில் ஒதுக்கப்படும் உப்புநீர் கடத்துதிறன் மிகுந்தது. அதைச் சிறு பங்கு வடிநீரோடு கலந்தால் கலனின் தடை இழப்பு பல மடங்கு குறையும். ஆனால் ஆர்.ஓ. சல்பேட்டையும் சேர்த்தே செறிவாக்குகிறது. அதனால் கலப்பதற்கு முன்னால் அளக்க வேண்டியவை மூன்று: கலவையின் கடத்துதிறன், லிட்டருக்குச் சல்பேட், லிட்டருக்கு சி.ஓ.டி. சல்பேட்டை 0.67ஆல் பெருக்கி வரும் எண் சி.ஓ.டி.யில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் முயன்று பார்க்கலாம். பாதியை எட்டினால் எலக்ட்ரானில் பாதி ஹைட்ரஜன் சல்பைடாகப் போகும், வாயுவில் வரும் சல்பைடை நீக்க இரும்பு ஆக்சைடு படுகையும் போட வேண்டியிருக்கும்.